அலுவலகம் நகர்ந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தொழில்களைக் கிராமப்புறங்களுக்கு மாற்றினால் நகரத்தில் நெரிசலும் வீட்டுத் தட்டுப்பாடும் தணியும் என்று பல நாடுகளில் பேசுகிறார்கள். சிங்கப்பூரில் நமக்குக் கிராமப்புறம் கிடையாது. இங்கே அந்த வேலையைச் செய்ய வேண்டியவை, நகர மையத்துக்கு வெளியே அலுவலகங்களுக்காக ஒதுக்கிய வட்டார மையங்கள்தாம். தெம்பனிஸ், ஜூரோங் ஈஸ்ட், உட்லண்ட்ஸ், சிலேத்தார் என நான்கை 1991ஆம் ஆண்டின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்திலேயே குறித்துவிட்டார்கள்.

யோசனையில் குறையில்லை. காலை எட்டரைக்கு நகர மையத்திலுள்ள ராஃபிள்ஸ் பிளேஸ் வரை மூச்சுமுட்ட வரும் ரயில், அதைத் தாண்டியதும் காற்றாடுகிறது. ஓட்டுநருக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவு, நிரம்பி வரும் பாதிக்கும் காலியாகப் போகும் பாதிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேலை தீவின் ஓரத்தில் இருந்தால், புதிய தடம் போடாமலேயே அந்தக் காலி இடம் பயன்படும்.

கோளாறு வரிசையில் இருக்கிறது. தெம்பனிசுக்கு 1989இல் ரயில் வந்தது. வங்கிகளின் பின்னலுவலகங்கள் அதன்பிறகு நிலையத்தை ஒட்டி வந்தன. சாங்கி வர்த்தகப் பூங்காவிலோ நேர்மாறு. பூங்கா 1997இல், எக்ஸ்போ நிலையம் 2001இல், அங்கே டௌன்டவுன் ரயில் தடம் 2017இல். இடைப்பட்ட காலத்தில் காருக்குப் பழகியவர், ரயில் வந்துவிட்டது என்பதற்காக அதை விட்டுவிடுவாரா? புதிய வர்த்தகப் பகுதியான பொங்கோல் மின்னிலக்க வட்டாரத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் வருவதற்கு முன்பே, 2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் நிலையத்தைத் திறந்தது சரியான முறை.

இன்னொரு சிக்கலை முதலாளிகள் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அலுவலகம் நகரலாம், வீடு நகராது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்கும் முன் அதில் குறைந்தது ஐந்தாண்டு குடியிருக்க வேண்டும். நல்ல இடங்களில் அமைந்த பிளஸ், பிரைம் வகை வீவக வீடுகளுக்குப் பத்தாண்டு. நகர மையம் பெரும்பாலான தடங்கள் கூடும் இடம் என்பதால் எந்தப் பேட்டையிலிருந்தும் ஓரளவு சமதூரம். அலுவலகம் தெம்பனிசுக்குப் போனால் பக்கத்திலுள்ள பிடோக்காரருக்குக் கொண்டாட்டம், மேற்கிலுள்ள சுவா சூ காங்காரர் தீவையே கடக்க வேண்டும். சராசரிப் பயண நேரத்தைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

ஆகவே குத்தகையில் கையெழுத்திடும் முன் ஊழியர்களின் ஆறிலக்க அஞ்சல் குறியீடுகளை மட்டும் வாங்குங்கள், பெயர் வேண்டாம். காலை 9 மணிக்கு வந்துசேர ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று, நடையும் காத்திருப்பும் சேர்த்து, வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்கிடுங்கள். உச்ச நேரப் பயணங்களில் பத்தில் ஒன்பது 45 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பது 2040 நிலப் போக்குவரத்துத் திட்டத்தின் இலக்கு. அதைத் தாண்டுபவர்களைத் தனியாக எண்ணுங்கள். கால்வாசிப் பேருக்கு மேல் என்றால் முழு நிறுவனத்தையும் மாற்றாதீர்கள். அருகில் வசிப்பவர்கள் அதிகமுள்ள பிரிவை மட்டும் அனுப்புங்கள். தூரத்துக்காரர்களுக்கு வேலை தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைப்பது எல்லாருக்கும் உதவாது. முழுநாள் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்கள் பொதுவாக மாலை 7 மணிக்கு மூடிவிடும். தாமதமாகக் கிளம்புபவர் பிள்ளையை அழைக்கப் போய்ச் சேர முடியாது.

வாடகை மிச்சத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பழைய இடத்தைக் காலிசெய்யும்போது தடுப்புச் சுவர், உட்கூரை, மின்கம்பி எல்லாவற்றையும் பிரித்துப் பழைய நிலையில் ஒப்படைக்கும்படி ஒப்பந்தம் கேட்கும். புதிய இடத்தில் அவற்றையெல்லாம் மறுபடி அமைக்க வேண்டும். குத்தகையோ பெரும்பாலும் மூன்றாண்டுதான். இந்த இரண்டு செலவையும் 36 மாதத்துக்குப் பிரித்து வாடகையோடு கூட்டிப் பார்த்த பிறகே எது மலிவு என்று சொல்ல முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பிடோக்