டயலில் ஐந்து பெயர், உள்ளே ஒரே மெஷின்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரிய நிறுவனங்கள் சின்னவற்றை வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் காலத்தில், தானும் பெரிதாக வளர்கிறவர்தான் பிழைப்பார் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பத்தாறு வருடமாகக் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறேன். பின் மூடியைத் திறந்து பார்த்த அனுபவத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒன்று என்னைத் திகைக்க வைத்தது. ஐந்து கடிகாரங்களின் டயலில் ஐந்து கம்பெனிப் பெயர் இருக்கும். திறந்தால் ஐந்திலும் ஈடிஏ என்ற சுவிஸ் கம்பெனியின் அதே 2824 மெஷின். அப்புறம்தான் கதை தெரிந்தது. 1969 டிசம்பரில் ஜப்பானின் சீகோ, பேட்டரியில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970இல் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். குவார்ட்ஸ் கொடுத்த அடியில், எண்பதுகளின் நடுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. 1983இல் நொடித்துப்போன இரண்டு பெரிய குழுமங்கள் ஒன்றாக்கப்பட்டன. அதுதான் இன்றைய ஸ்வாட்ச் குழுமம். மெஷின் செய்யும் ஈடிஏ, ஓட்டத்தைச் சீராக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் செய்யும் நிவாராக்ஸ் இரண்டும் அதற்குள் இருந்தன.

அந்தக் குழுமம் 2002இல், பாகங்களாக, பூட்டாமல் விற்றுவந்த மெஷின்களை இனி வெளியாருக்குத் தரப்போவதில்லை என்று அறிவித்தது. பெயரை மட்டும் வைத்திருந்த கம்பெனிகள் கலங்கிப்போயின. ஈடிஏ பாகங்களை வாங்கிப் பூட்டிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்த செலிட்டா என்ன செய்தது? காப்புரிமை முடிந்துவிட்ட 2824இன் அமைப்பை வைத்துத் தானே எஸ்டபிள்யூ 200 மெஷினைத் தயாரித்தது. இன்று என் மேசைக்கு வரும் கடிகாரங்களில் அது நிறையவே இருக்கிறது. ஜெர்மனியின் நோமோஸும் வெளியிலிருந்து மெஷின் வாங்கித் தொடங்கிய கம்பெனிதான். 2014இல் நேரத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியைத் தனக்கென உருவாக்கிக்கொண்டது.

எல்லாவற்றையும்விட நான் மதிப்பது ஜெனித் என்ற சுவிஸ் கடிகாரக் கம்பெனியில் வேலை பார்த்த சார்லஸ் வெர்மோ என்பவரைத்தான். 1975இல் ஜெனித் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கையில் இருந்தது. இனி குவார்ட்ஸ்தான், பழைய மெஷின் வேண்டாம், கருவிகளை விற்றுவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. வெர்மோ எழுதிக் கேட்டுப் பார்த்தார், பலன் இல்லை. ஜெனித்தின் சொந்த மெஷினான எல் பிரிமெரோவைச் செய்யத் தேவையான அச்சுகள், வெட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் மேலிடத்துக்குத் தெரியாமல் தொழிற்சாலையின் பரணுக்குக் கொண்டுபோனார். எது எதற்கு என்று குறித்தும் வைத்தார். எண்பதுகளில் அந்த மெஷினுக்கு மறுபடி தேவை வந்தபோது, பரணிலிருந்து இறக்கியவற்றை வைத்தே உற்பத்தி தொடங்கியது. 1988இல் ரோலெக்ஸே தன் டேட்டோனா கடிகாரத்துக்கு அதைத்தான் வாங்கிப் போட்டது. 1999இல் ஜெனித்தும் ஒரு பெரிய குழுமத்துக்குள் போனது உண்மைதான். ஆனால் அப்போது அதன் கையில் சொந்த மெஷின் இருந்தது. வெறும் பெயரோடு போயிருந்தால் அது வேறு கதை.

அதனால் உங்கள் கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து எழுதும்போது எந்தக் கம்பெனி எவ்வளவு வளர்ந்தது என்பதோடு, நெருக்கடியில் எது எதை விற்றது என்றும் பாருங்கள். கட்டடத்தை விற்றதா, கருவியை விற்றதா?

என் வேலையிலும் இதைப் பார்த்துவிட்டேன். போன வருடம் ஒருவர் தன் அப்பாவின் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். உள்ளே ஆடும் சக்கரத்தின் அச்சு, அதாவது பேலன்ஸ் ஸ்டாஃப், உடைந்திருந்தது. வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகம் தருவதில்லை என்று அந்தக் கம்பெனி பதில் அனுப்பியது. என் குரு கொடுத்துவிட்டுப்போன சின்ன லேத் என்னிடம் இருக்கிறது. இரும்புக் கடைக்குப் போட்டுவிடச் சொல்லாதவர்கள் இல்லை. அதில் இரண்டு நாள் உட்கார்ந்து ஸ்டாஃபைக் கடைந்தேன். முதல் இரண்டு வீணாயின, மூன்றாவது சரியாக உட்கார்ந்தது. இப்போது அந்தக் கடிகாரம் ஒரு நாளைக்கு எட்டு விநாடிதான் கூட ஓடுகிறது.

இப்படிக்கு,
கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு வாசகர்