கதிர் இயந்திரம் 'செக்' செய்யப்படும் அந்த மணித்தியாலங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய்க்குக் 'கரண்ட் பிடிக்க', அதாவது கதிர்ச்சிகிச்சை பெற, திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கும் தெல்லிப்பழைக்கும் மகரகமவுக்கும் போய்வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: "இரவு பஸ் ஏறி விடியப் போய் இறங்கினா, மெஷின் செக் பண்ணுறாங்களாம், பின்னேரம் வரட்டாம்." கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் 'செக்' மீது திரும்பக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கரண்ட் என்று சொன்னாலும் உடலுக்குள் மின்சாரம் போவதில்லை. எலக்ட்ரோன்களை வேகப்படுத்தி உலோக இலக்கொன்றில் மோதவிட, அங்கே பிறக்கும் எக்ஸ் கதிர்தான் போகிறது. இயந்திரம் தான் கொடுக்கும் கதிரை 'மொனிட்டர் யூனிட்' என்ற கணக்கில் எண்ணும். வழமையான ஏற்பாட்டில், நீர்ப்பரப்பு 100 சென்ரிமீற்றர் தூரத்திலும் கதிர்ப்புலம் (கதிர் விழும் பரப்பு) 10க்கு 10 சென்ரிமீற்றராகவும் இருக்கையில், உச்ச அளவு விழும் ஆழத்தில் 1 யூனிட்டுக்கு 1 சென்ரிகிரே (உறிஞ்சப்படும் கதிரின் அலகு). இந்தச் சமன் தானாக அமைவதில்லை. ஒருவர் அளந்து, திருகிச் சரிசெய்து வைத்தது. அது 5 சதவீதம் நழுவினாலும் திரையில் எதுவும் தெரியாது, படுத்திருப்பவருக்கும் உறைக்காது. நோயாளிக்குப் போய்ச்சேரும் அளவு 5 சதவீதத்துக்குள் சரியாக இருக்கவேண்டும் என்று சர்வதேச கதிர் அலகுகள் ஆணைக்குழு 1976இலேயே சொல்லிவிட்டது. அந்த ஐந்தைச் சீ.ரி. படம், கணினித் திட்டம், நோயாளியைக் கிடத்துதல் எல்லாம் பங்குபோட்டுக்கொள்வதால் இயந்திரத்துக்கென்று மிஞ்சுவது சொற்பம். நாளாந்தச் சோதனையில் 3 சதவீதமும் மாதாந்தச் சோதனையில் 2 சதவீதமும்தான் பொதுவான எல்லை.

அளப்பது தண்ணீரில். மனித உடல் கதிருக்குக் கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரித்தான். 30 சென்ரிமீற்றர் பக்கமுள்ள பெட்டியில் நீர் நிரப்பி, 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் 0.6 கன சென்ரிமீற்றர் காற்றுள்ள 'அயனாக்க அறை' என்ற சிறு அளவுக்கருவியை வைப்பார்கள். கதிர் அந்தக் காற்றை அயனாக்கும். சேரும் மின்னேற்றத்தை எலக்ட்ரோமீற்றர் காட்டும். 6 மெகாவோல்ற் கதிரில் 100 யூனிட்டுக்கு 12, 13 நனோகூலோம் அளவில் வரும். இதை அயனாக்க அறையின் அளவுத்திருத்தக் காரணியாலும் கதிரின் தரத்துக்கான காரணியாலும் பெருக்க வேண்டும். மின்முனைகளை மாற்றிப் பார்த்தும், வோல்ற்றளவைப் பாதியாக்கிப் பார்த்தும் எடுக்கும் சிறு திருத்தங்கள் வேறு. இவை பெரும்பாலும் 1 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். தொல்லை தருவது வெப்பநிலையும் காற்றமுக்கமும்.

அயனாக்க அறை மூடி முத்திரையிட்டது அல்ல, வெளிக்காற்றோடு தொடர்புள்ளது. எங்கள் ஊர் மத்தியான வெயிலில் கூரைத் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் 30 பாகை இருக்கும் என்று வைப்போம். குளிரூட்டிய அறையின் சுவரில் தொங்கும் வெப்பமானி 22 காட்டுகிறது. தண்ணீரில் கிடக்கும் அயனாக்க அறையின் காற்று 30 பாகையில் ஐதாகி, குறைவாகவே அயனாகும். ஆனால் கணக்கில் 22 என்று போட்டால் விடை ஏறத்தாழ 2.7 சதவீதம் குறைந்து வரும். "மெஷின் குறைவாகக் கொடுக்கிறது" என்று நினைத்துக் கூட்டிவிட்டால், மறுநாளிலிருந்து எல்லா நோயாளிக்கும் 2.7 சதவீதம் கூடப் போகும். ஆகவே முதல்நாளே நீரை நிரப்பி சிகிச்சை அறையில் வைத்துவிடுவது நல்லது. வெப்பமானி தண்ணீருக்குள் இருக்கவேண்டும். அயனாக்க அறையை இறக்கிய பின் 10 நிமிடமாவது பொறுக்கவேண்டும். வெளியே காத்திருப்பவருக்கு வீண் தாமதமாகத் தெரிவதில் ஒரு பகுதி இந்தப் பொறுமைதான்.

அமுக்கத்தில் வேறு பொறி. வானிலை அறிக்கையில் வரும் எண் கடல் மட்டத்துக்குத் திருத்தியது. திருகோணமலையில் அதைப் போட்டாலும் பெரிதாகப் பிழைக்காது. கடல் வாசலிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் அதே எண்ணைப் போட்டால் 5 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கும். அதனால் சிகிச்சை அறையிலேயே வைத்து அமுக்கத்தை வாசிக்கும் பாரமானி வேண்டும். கைத்தொலைபேசிச் செயலி காட்டும் எண்ணை நம்பக்கூடாது. கரையோரத்திலும் அமுக்கம் அசையாமல் நிற்பதில்லை. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்கள் கரையைக் கடந்தது போன்ற நாளில் 10 ஹெக்டோபஸ்கால் இறங்கினாலே வாசிப்பு 1 சதவீதம் மாறும்.

ஈரப்பதனுக்கு அயனாக்கக் காற்று அவ்வளவு அசைந்துகொடுக்காது. ஆனால் கேபிள் முனையில் உப்பும் ஈரமும் படிந்தால் கதிர் இல்லாமலே எலக்ட்ரோமீற்றர் ஓடும். கிழக்குக் கரையில் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைப்பதும், அளப்பதற்கு முன் கசிவு மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்வதும் போதும்.

அளவு மட்டுமல்ல, கதிரின் 'குணமும்' மாறும். 6 மெகாவோல்ற் கதிர் ஏறக்குறைய 1.5 சென்ரிமீற்றர் ஆழத்தில் உச்சம் தொட்டு, 10 சென்ரிமீற்றரில் அதன் 67 சதவீதம் அளவுக்கு இறங்கும். அயனாக்க அறையை 100 சென்ரிமீற்றர் தூரத்தில் அசையாமல் வைத்து, மேலே 20 சென்ரிமீற்றர் நீரும் பின் 10 சென்ரிமீற்றர் நீரும் இருக்க அளந்தால், இரண்டின் விகிதம் 0.67 அளவில் வரும். இந்த ஒற்றை எண்தான் கதிரின் ஊடுருவும் வலுவுக்கு அடையாளம்; இது நகர்ந்தால் உள்ளே ஏதோ நகர்ந்துவிட்டது. குறுக்காக அளக்கும்போது இடப்பக்கம் வலப்பக்கத்தை விட உயர்ந்திருந்தால், எலக்ட்ரோன் கற்றை இலக்கின் நடுவில் விழவில்லை என்று சந்தேகிக்கலாம். அதற்கு முன் நீர்த்தாங்கி சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது புத்தி. இரண்டு ஆழங்களில் கதிரின் நடுக்கோட்டைக் கண்டுபிடித்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பெரிய தாங்கியில் பல மணித்தியாலம் ஓடும் அளவீட்டில் நீர் ஆவியாகி மட்டம் இறங்கும். 1 மில்லிமீற்றர் பிசகினால் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் அரைச் சதவீதம் வரை பிழைக்கும், ஆகவே இடையிடையே மட்டம் பார்க்கவேண்டும். அயனாக்க அறையைக் கீழிருந்து மேலே நகர்த்தினால் நீர்ப்பரப்பு குறைவாகக் கலங்கும்.

சிறிய கதிர்ப்புலங்களில்தான் பெரிய ஆபத்து. 24 மில்லிமீற்றர் நீளமான அயனாக்க அறையை 1 சென்ரிமீற்றர் கதிரில் வைத்தால் அது கதிரின் ஓரத்தையும் வெளியையும் சேர்த்துச் சராசரி எடுத்து, குறைத்துக் காட்டும். அதை நம்பும் கணினி யூனிட்டைக் கூட்டிவிடும். பிரான்சின் துலூஸ் நகரில் 2006 ஏப்ரலிலிருந்து ஒரு வருடம் 145 நோயாளருக்கு அளவு மிஞ்சிப்போனது இப்படிப் பொருந்தாத கருவியால் அளந்ததால்தான். இயந்திரத்தில் பழுது இருக்கவில்லை.

சொந்த அளவீட்டைச் சொந்தக் கருவியாலேயே உறுதிப்படுத்த முடியாது. இதற்காகச் சர்வதேச அணுசக்தி முகவரகமும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் தபால் வழி ஒரு சோதனை நடத்துகின்றன. அனுப்பப்படும் சிறு உணரிகளுக்குக் கதிர் கொடுத்துத் திருப்பியனுப்பினால் அவர்கள் வாசித்துச் சொல்வார்கள். வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேடவேண்டும்.

எங்கள் மாவட்டத்துக்கு இயந்திரம் கேட்டு மனுக் கொடுப்போர், விலைப்பட்டியலில் நீர்த்தாங்கி, பெரிதும் சிறிதுமாக இரண்டு அயனாக்க அறைகள், எலக்ட்ரோமீற்றர், பாரமானி, வெப்பமானி, முழுநேர மருத்துவப் பௌதிகவியலாளர் பதவி ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அயனாக்க அறையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது அளவுத்திருத்தத்துக்கு அனுப்பும் செலவும் அதில் வரட்டும். இப்போது சிகிச்சை நடக்கும் நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாதாந்த அளவீட்டுத் திகதியை முன்கூட்டியே நோயாளியின் கொப்பியில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள். இரவு பஸ்ஸுக்கு ரிக்கற் எடுக்கும் முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மருத்துவப் பௌதிகவியல் துறை சார்ந்தோர்,
திருகோணமலை.