வீட்டுக் கடன் அதிகாரிகளே, அந்தத் திரையைக் கொஞ்சம் திருப்புங்கள்

வங்கிகளில் வீட்டுக் கடன் பிரிவில் வேலை பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நாங்கள் முதல் வீடு வாங்கி நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் எந்தக் குறையும் இல்லை. கையெழுத்துப் போட்ட நாளைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

நானும் என் மனைவியும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். எதிரே இருந்த அதிகாரி நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்தார், வாழ்த்துச் சொன்னார். கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். "இங்கே, இங்கே, அப்புறம் இங்கே" என்று அவர் புரட்டப் புரட்ட நாங்கள் போட்டுக்கொண்டே போனோம். ஒரு பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை. படித்துவிட்டுப் போடுகிறோம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கேள்வி கேட்டால் கடன் தள்ளிப்போய்விடுமோ என்ற பயம் வேறு. முன்பணம் கொடுத்தாகிவிட்டது, பத்திரப்பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. முதல்முறை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் உங்கள் முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

ஒரு வருஷம் கழித்துக் கணக்கு விவரம் வந்தது. பன்னிரண்டு தவணையும் தவறாமல் கட்டியிருந்தோம். கடன் பாக்கியைப் பார்த்த என் மனைவி, "இது போன வருஷத்துத் தாளா?" என்று கேட்டாள்.

அன்று ராத்திரி உட்கார்ந்துதான் கணக்கைக் கற்றுக்கொண்டேன். கடன் 100, வட்டி 9 சதவீதம், 20 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 0.90 வரும். முதல் மாதத்து வட்டி மட்டுமே 0.75. அதாவது தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போய்விடுகிறது. முதல் வருஷம் முழுக்கக் கட்டினாலும் அசலில் 2 கூடக் குறையாது. பத்து வருஷத்தில் 108 கட்டியிருப்போம், பாக்கி இன்னும் 71 இருக்கும்! கடன் முடியும்போது கட்டிய மொத்தம் 216.

இதில் யாரும் எங்களை ஏமாற்றவில்லை. பாக்கி மீது வட்டி போட்டால் கணக்கு இப்படித்தான் வரும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த மாதம் எவ்வளவு வட்டி, எவ்வளவு அசல் என்ற முழு அட்டவணையும் அன்றைக்கே அந்தக் கணினியில் இருந்தது. திரைதான் அதிகாரி பக்கம் திரும்பியிருந்தது.

மாறும் வட்டி என்றால் என்ன என்பதையும் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வட்டி ஏறினால் தவணை ஏறும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பல சமயம் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடுகிறார்கள். மேலே சொன்ன கடனிலேயே ஆரம்பத்தில் வட்டி 9இலிருந்து 10க்குப் போய், தவணை அப்படியே இருந்தால், 20 வருஷக் கடன் 26 வருஷத்தைத் தாண்டிவிடும். மாதாமாதம் கையிலிருந்து போகும் பணம் மாறாததால் வீட்டில் பல பேருக்கு இது தெரிவதே இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் தவணை ஓடும் என்பது ஒரு குடும்பத்துக்குச் சின்ன விஷயமா?

நல்ல சேதியும் அதே கணக்கில்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் அந்த 20 வருஷத்தில் சுமார் மூன்றரை வருஷம் குறையும். அபராதம் இல்லாமல் முன்கூட்டிக் கட்டலாமா என்று கேட்கவேண்டும் என்பதே எங்களுக்கு அன்று தெரியாது.

இன்னொன்று. "உங்கள் சம்பளத்துக்கு இவ்வளவு வரைக்கும் கிடைக்கும்" என்று நீங்கள் சொல்லும் தொகையை, இவ்வளவு வரைக்கும் தாங்கும் என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். வீடு மாறும் செலவு, பதிவுச் செலவு, பராமரிப்பு, குழந்தைகள் படிப்பு எதுவும் அந்தத் தொகையில் சேராது. அதை நீங்களே வாய்விட்டுச் சொன்னால் பல பேர் கொஞ்சம் குறைத்து வாங்குவார்கள், நிம்மதியாகக் கட்டுவார்கள்.

சட்டம் கேட்கிற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை புதிதாக வீடு வாங்கும் இரண்டு பேர் எதிரே வந்து உட்காரும்போது, பென்சில் குறி போட்ட தாள்களை நீட்டுவதற்கு முன் திரையைத் திருப்பி முதல் மாதம், பத்தாவது வருஷம், கடைசி மாதம் என்று மூன்று வரிகளைக் காட்டுங்கள். வட்டி ஒரு சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்று அவர்கள் கண் முன்னாலேயே மாற்றிப் போடுங்கள். அந்தத் தாளை அச்சடித்துக் கையில் கொடுத்து, ஒரு ராத்திரி வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் பதினாறு வருஷம் தவணை கட்டவேண்டிய ஒரு வாடிக்கையாளர்