எங்கள் வீட்டுக் கதையின் மறுபாதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்கு, முட்டை சேர்த்துப் பூசிய சுவர் எல்லாம் படத்தோடு அழகாக வந்திருந்தன. அந்த வீடுகளில் யார் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்பதை எழுத வேண்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் பிறந்தது கண்டனூர், வாக்கப்பட்டது தேவகோட்டை. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஏழு வருடத்துக்கு முன் பிறந்த வீட்டில் பங்காளிகள் கூடிப் பொது அறைகளைக் காலி செய்தார்கள். செய்தி தெரிந்து நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று சாக்கு ஏடுகளும் பேரேடுகளும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விட்டன. அப்பத்தாவின் பெட்டகத்தில் ஒரு மஞ்சள் துணி மூட்டை மட்டும் மிஞ்சியது. எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், ரங்கூனிலிருந்து எழுதிய 41 கடிதங்கள் அதில் இருந்தன. மேலே பிள்ளையார் சுழி, அப்புறம் தமிழ் வருடமும் மாதமும், தொகையெல்லாம் தமிழ் எண்ணில். அன்று இரவு முழுக்கத் தூங்காமல் படித்தேன். அப்போதே எங்கள் குடும்ப வரலாற்றை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

தனியாக உட்கார்ந்து இரண்டு வருடம் எழுதினேன். அதில் எத்தனை தப்பு!

ஒன்று சொல்கிறேன். வளவில், அதாவது பங்காளிகளின் பொது வீட்டில், பங்கு பிரித்த பத்திரம் ஒன்று கிடைத்தது. கையெழுத்து எங்கள் ஐயா பேரில், வருடம் பிரமாதி. கணக்குப் போட்டேன், 1939. ஐயா அந்த வருடம் ஊரில் இருந்தார் என்று ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். காரைக்குடியில் பத்திர எழுத்தராக இருந்த ஒரு பெரியவரிடம் யதேச்சையாக அதைக் காட்டினேன். அவர் எழுத்தைப் படிக்கவே இல்லை. முத்திரைத்தாளைத் திருப்பிப் பார்த்து, "தங்கச்சி, இதில் ராணி தலை இருக்கிறது, இது 1879" என்றார். விக்டோரியா ராணி! நம் வழக்கத்தில் பேரனுக்கு ஐயா பேரைத்தான் வைக்கிறோம். இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை பேர் திரும்பி வருகிறது. தமிழ் வருடப் பேரும் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. பேரும் வருடமும் ஒன்றாகப் பொருந்தி வந்து நிற்கும்போது யார்தான் ஏமாற மாட்டார்கள்? கையெழுத்துப் போட்டவர் எங்கள் ஐயாவுக்கு ஐயா. நான் இன்னும் பத்து வருடம் தனியாக எழுதியிருந்தாலும் இது எனக்குத் தெரிய வந்திருக்காது.

அந்தப் பெரியவரும் நானும் பேசிப் பேசி இப்போது ஆறு பேர் ஆகியிருக்கிறோம். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, யாராவது ஒருவர் வீட்டு முகப்பில் பாய் விரித்து உட்காருகிறோம். ஒருவர் தாம் எழுதியதை வாசிப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். கேள்விதான் முக்கியம். "இதை உங்களுக்கு யார் சொன்னது, எப்போது சொன்னார்?" என்று கேட்டால் பாதிக் கதை அங்கேயே ஆட்டம் காணும். மீதிப் பாதி உறுதிப்படும்.

ஆறு பேரில் எல்லோருமே நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்களில் ஒரு தம்பி பள்ளத்தூர்ப் பக்கம் இருக்கிறார். அவருடைய தாத்தா ரங்கூனில் செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் சமையல்காரராக இருந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஐயா கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தார் என்பதுதான் எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொன்ன கதை. கடிதங்களில் கடைசிக் கடிதம் விஷு வருடம் கார்த்திகை மாதத்தோடு நின்றுவிடுகிறது. அடுத்த மாதம், 1941 டிசம்பர் 23-இல், ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அந்தத் தம்பி ஒரு நாள் தாத்தாவின் சின்ன நோட்டைக் கொண்டுவந்தார். தபால்கார்டு அளவுதான் இருக்கும். புரோம் வரை போய், அங்கிருந்து மலை தாண்டித் தாங்குப், பிறகு படகில் அக்யாப், அப்புறம் சிட்டகாங். எந்த ஊரில் எத்தனை நாள், அரிசி என்ன விலை, குடிக்கத் தண்ணீர் கிடைத்ததா என்று வரிசையாகக் குறித்திருக்கிறார். கூட வந்தவர்களில் எங்கள் ஐயாவின் விலாசம், அதாவது குடும்பத் தலைப்பெழுத்து, நான்கு எழுத்தும் அப்படியே இருந்தது. ஐயா கப்பலில் வரவில்லை. நடந்து வந்திருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுபது எண்பது வருடமாக எங்கள் வீட்டுக் கதையின் மறுபாதி பத்து மைல் தூரத்தில் ஒரு தகரப்பெட்டியில் இருந்திருக்கிறது.

கடிதம் எழுதியவர் வீட்டில் கடிதம் இருக்காதே! போய்ச் சேர்ந்த வீட்டில்தானே இருக்கும். அக்கரையில் கடையை நடத்திய மேலாள் எழுதியது முதலாளி வீட்டில், முதலாளியின் பதில் மேலாள் வீட்டில், கணக்குப்பிள்ளை பார்த்தது அவர் நோட்டில். இதைத் தனியாளாக எப்படி எழுதி முடிப்பது?

பெண்களின் நிலை இன்னும் மோசம். கோயிலில் கல்யாணத்துக்குக் கல்யாணம் புள்ளி, அதாவது குடும்பக் கணக்கு, ஏறிவிடுகிறது, நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் இன்ன கோயில் என்று ஆண் வழி தெரிந்துவிடுகிறது. அப்பத்தாவுக்கு ஆத்தா யார் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. கடைசியில் ஒரு பித்தளைச் சருவத்தில் பேர் வெட்டியிருந்ததை வைத்துக் கண்டுபிடித்தேன். சீர் சாமானில் பிறந்த வீட்டு விலாசத்தை வெட்டிக் கொடுத்தார்கள் இல்லையா, அதுதான் அவளுடைய சாசனம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பாத்திரங்களை இப்போது என்னால் சும்மா பார்த்துக்கொண்டு போக முடிவதில்லை. விற்பவர்களைத் தடுக்க முடியாது, ஒவ்வொரு வீட்டுக் கஷ்டமும் அவரவருக்குத்தான் தெரியும். கொடுப்பதற்கு முன் வெட்டிய எழுத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும். மொய் ஏட்டுக்கும், கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானத்துக்கும் இதையேதான் சொல்வேன்.

கூடி எழுதுவதில் சங்கடமும் உண்டு. பிள்ளை கூட்டிக்கொண்ட (தத்தெடுத்த) விஷயத்தை ஒருவர் எழுதப்போய், இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுத்த கதையும் அப்படித்தான். நாங்கள் இப்போது உயிரோடு இருப்பவர்களைப் பற்றி அவர்களைக் கேட்காமல் எழுதுவதில்லை. போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி எழுதும்போது மறைக்கவும் கூடாது என்பது என் கருத்து. 1930-க்குப் பின் நெல் விலை சரிந்து, கொடுத்த கடன் திரும்பாமல் கீழ்ப் பர்மாவில் நிலமாகக் கைக்கு வந்தது. முக்கியமான நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930-இல் 6 விழுக்காடு, 1938-இல் 25 விழுக்காடு. நம் வீடுகள் நொடித்ததை எழுதுகிற அதே பக்கத்தில், நிலத்தை இழந்த பர்மிய விவசாயியையும் எழுத வேண்டும். எங்கள் ஆறு பேரில் இதற்கு இருவர் உடன்படவில்லை. சரி, அவர்கள் அவர்கள் பார்வையில் எழுதட்டும், படிக்கிறவர்களுக்கு இரண்டும் கிடைக்கும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒற்றை ஆளாகச் சேர்த்த புத்தகங்களும் கல்யாண அழைப்பிதழ்களும் நோட்டீஸ்களும்தான் அவர் 1992-இல் மறைந்த பின் சென்னையில் பெரிய ஆராய்ச்சி நூலகம் ஆயின. அவர் பிறந்த மண்ணில் ஊருக்கு நாலு பேர் சேர்ந்து தத்தம் வீட்டுக் காகிதத்தை வாசிக்க முடியாதா?

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை அரைப் பத்தி இடம் கொடுங்கள். "இந்த விலாசம் யாருடையது", "இந்தப் படத்தில் இருப்பது யார்" என்று வாசகர்கள் கேட்கட்டும், தெரிந்தவர்கள் எழுதட்டும். ஆசாரி வீடு, கணக்குப்பிள்ளை வீடு, வண்டிக்காரர் வீடு என்று எல்லா வீட்டாரும் வரலாம். ஈப்போவிலும் பினாங்கிலும் இருக்கும் பிள்ளைகளும் எழுதலாம். பழைய தமிழ் எண் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நானே சொல்லித் தருகிறேன்.

முதல் கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். அந்தச் சமையல்காரரின் நோட்டில் ஒரு வரி வருகிறது. கானாடுகாத்தான் பெட்டியடிப் பையனுக்குக் காய்ச்சல், தாங்குப் போகும் மலைப்பாதையில் விட்டுவிட்டு வந்தோம் என்று. பெட்டியடிப் பையன் என்றால் கடையில் தொழில் பழகும் பையன். பேர் எழுதவில்லை. விஷு வருடம், மாசி மாதம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போய்த் திரும்பி வராத ஒரு பையனைப் பற்றி உங்கள் வீட்டில் யாராவது பேசக் கேட்டிருந்தால், தயவுசெய்து ஆசிரியர் வழியாக எனக்கு எழுதுங்கள். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
தேவகோட்டை.