தலைக்கு 4 பவுண்டு

அன்பு பாஸ்கர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. நீ கேட்ட புத்தகத்தைத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். இதையாவது திருப்பிக் கொடு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"பசி வந்தா ஜனங்க தானா கப்பல் ஏறுவாங்க, எவனும் கூப்பிட வேண்டாம்" என்று மொட்டை மாடியில் அடித்துப் பேசுவாயே, அந்தச் சண்டையை மறுபடி தொடங்கப் போகிறேன். ஐரிஷ்காரர்களை அமெரிக்காவில் அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த தென் கரோலினாவுக்குக் கூப்பிட்ட கதையைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

1760இல் அந்த மண்ணின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களோடு போர். எல்லையோர லாங் கேன்ஸ் குடியிருப்பு தாக்கப்பட்டது. கடற்கரைப் பக்கமோ, வெள்ளையரைவிட ஆப்பிரிக்க அடிமைகள் அதிகம். பண்ணை முதலாளிகளுக்கு இரண்டு பக்கமும் பயம். அதனால் 1761இல் ஒரு சட்டம் போட்டார்கள்: வந்து குடியேறும் ஏழைப் புராட்டஸ்டன்டுகளின் கப்பல் கூலிக்கு அரசே தலைக்கு 4 பவுண்டு தரும், சிறு பிள்ளைக்கு அதில் பாதி. குடும்பத் தலைவனுக்கு 100 ஏக்கர், கூட வரும் ஒவ்வொருவருக்கும் 50. பெல்ஃபாஸ்ட் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. நிலக் குத்தகை ஏறிக்கொண்டே போன வட அயர்லாந்தின் அல்ஸ்டரில், அடுத்த தவணைக்கு வழியில்லாதவன் காதில் "100 ஏக்கர்" விழுந்தால் சும்மா இருப்பானா? சொல்லு. அந்த நிலம் செரோக்கி எல்லையை ஒட்டி இருந்தது. அவனைக் கூப்பிட்டதே அங்கே வேலியாக நிற்கத்தான்.

அப்புறம்தான் எனக்குத் தூக்கம் போனது. அந்த 4 பவுண்டு போய்ச் சேர்ந்தது கப்பல்காரன் கைக்கு. உயிரோடு எத்தனை தலை இறங்குகிறது என்பதுதான் அவன் கணக்கு. சோற்றையும் தண்ணீரையும் குறைத்து ஆளைக் கூட்டினால் அத்தனையும் லாபம். தென் கரோலினாவின் துறைமுகமான சார்ல்ஸ்டனில் ஹென்றி லாரன்ஸ் என்று ஒரு பெரிய வியாபாரி, அடிமை வியாபாரத்தில் சம்பாதித்தவர். அவரே எழுதுகிறார்: அடிமைக் கப்பலிலாவது சந்தையில் விலை போக வேண்டுமே என்று கொஞ்சம் கவனிப்பார்கள், இந்த ஏழை ஐரிஷ்காரர்களுக்கு அதுவும் இல்லை, இவ்வளவு கொடுமையை நான் பார்த்ததே இல்லை என்று.

இதைப் படித்து ஐரிஷ்காரர்கள்தான் அதிகம் துன்பப்பட்டார்கள் என்று கிளம்பிவிடாதே. அது ஒரு அடிமை வியாபாரியின் அளவுகோல். பிழைத்து இறங்கிய ஐரிஷ்காரனுக்கு நிலம் கிடைத்தது, பெல்ஃபாஸ்ட் என்றே அங்கே ஒரு ஊர் எழுந்தது. பக்கத்துத் துறையில் இறங்கிய ஆப்பிரிக்கனுக்கு என்ன கிடைத்தது? செரோக்கிகளுக்கு மிஞ்சியது என்ன?

1768இல் அந்த உதவித்தொகை நின்றுபோனது. பசி தள்ளியது உண்மைதான் பாஸ்கர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பசிக்கு விலை போட்டு ஒருவன் கரையில் காத்திருந்தான். அவனை விட்டுவிட்டு நீ எப்படி வாதாடுகிறாய் என்று பார்க்கிறேன். போனில் மழுப்பாதே, கடிதமாக எழுது.

அன்புடன்,
சேகர்