ஆண்டறிக்கை 2024–25: முதல் விமானக் கிட்டில் கீல் பொருத்தும் பயிற்சி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான காலத்தில் நமது மாதிரி விமானச் சங்கம் ஆற்றிய பணிகள் குறித்த அறிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு உரிய காலங்களில் கூடியது. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே அவற்றை விடுத்து, இவ்வாண்டு நம் கவனத்தைப் பெரிதும் ஈர்த்த ஒரு பணியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

முதன்முறையாகப் பால்சா எனும் லேசான மரத்தாலான கிட் வாங்கிக் கட்டும் உறுப்பினர்களுக்கு எலிவேட்டர் (வாலில் இருந்து மூக்கை மேலும் கீழும் திருப்புவது), ரடர் (வாலில் இருந்து இடவலமாகத் திருப்புவது), எய்லரான் (இறக்கையில் இருந்து பக்கவாட்டில் சாய்ப்பது) ஆகிய அசையும் பாகங்களைக் கீல் வைத்துப் பொருத்தக் கற்றுக்கொடுத்ததே அந்தப் பணி. சென்ற பொதுக்குழுவில் இதை முன்மொழிந்தபோது, கீல் மாட்டுவதற்குக்கூட ஒரு வகுப்பு வேண்டுமா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். இறக்கையின் ரிப்களை (குறுக்குச் சட்டங்களை) ஒட்டுவதிலும் உடற்பகுதி கோணாமல் இருக்கிறதா என்று பார்ப்பதிலும் வாரக்கணக்கில் பொறுமை காட்டும் புதியவர், மேலே போர்த்தும் கவரிங் ஃபிலிம் ஒட்டி விமானத்தின் தோற்றம் வந்தவுடன், அடுத்த ஞாயிறு பறக்கவிட்டாக வேண்டும் என்ற அவசரத்தில் கீல் வேலையை ஒரே மாலையில் முடித்துவிடுகிறார் என்பதே அவருக்கு நாங்கள் அளித்த பதில். ரிப் ஒன்றின் ஒட்டு விட்டுப்போனாலும் விமானத்தைப் பெரும்பாலும் இறக்கிவிடலாம். எலிவேட்டர் கழன்றால் இறக்குவதற்கு வழியே இல்லை.

பயிற்சி, கிட்டுகளில் பரவலாக வரும் சி.ஏ. கீலிலிருந்து தொடங்கியது; சி.ஏ. என்பது சயனோஅக்ரிலேட் எனும் உடனடிப் பசை. மெல்லிய பாலியெஸ்டர் தகட்டின் இரு புறமும் உறிஞ்சும் நார்ப்படலம் ஒட்டிய இந்தத் துண்டு, பார்ப்பதற்குக் கீல் என்றே தோன்றாது. ஏறக்குறைய 18 மி.மீ. அகலமும் 25 மி.மீ. நீளமும் கொண்ட இதன் பாதி நிலையான பாகத்தின் பின்விளிம்பிலும், மறுபாதி அசையும் பாகத்தின் முன்விளிம்பிலும் நுழைய வேண்டும். இரண்டு விளிம்புகளையும் சேர்த்து வைத்து, கீல்கள் வரும் இடங்களை இரண்டிலும் ஒரே கோடாகக் குறித்த பிறகு, தடிமனின் நட்டநடுவே நீளவாக்கில் மற்றொரு கோடு போட வேண்டும். அந்த நடுக்கோட்டில் கூர்மையான கத்தி முனையால் சிறுகச் சிறுகப் பிளவு ஏற்படுத்த வேண்டுமே தவிர, ஒரே குத்தில் உள்ளே இறக்கினால் கத்தி பால்சாவின் நார் போகும் போக்கில் விலகி, மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பிளவுகளில் ஒன்று ஒரு மி.மீ. மேலே ஏறினாலும் எல்லாக் கீல்களும் ஒரே அச்சில் அமையாது. அப்போது பாகம் இறுக்கிப் பிடிக்கும். பாகத்தை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ முனகிக்கொண்டே பாட்டரியைத் தின்னும்.

அடுத்தது, அசையும் பாகத்தின் முன்விளிம்பை உப்புத்தாளால் இரு புறமும் சரித்து, குறுக்குவெட்டில் ஆப்பு வடிவம் வரச் செய்தல். இதைத் தவிர்த்துவிட்டு, மேலும் கீழும் அசைய இடம் வேண்டுமே என்று இரு விளிம்புகளுக்கும் நடுவே 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி விடும் பழக்கம் புதியவர்களிடம் அதிகம். விளிம்பைச் சரித்துவிட்டால் ஒரு மி.மீ.க்கும் குறைந்த இடைவெளியே போதும். அகன்ற இடைவெளியின் வழியே அழுத்தம் மிகுந்த பக்கத்துக் காற்று மறுபக்கம் கசிவதால் பாகத்தின் செயல்திறன் குறைகிறது; வேகமாக இறங்கும்போது ஃப்ளட்டர் எனப்படும் படபடப்புக்கும், தளர்ந்த இணைப்புகளோடு சேர்ந்து, அது வழிவகுக்கிறது. படபடப்பு தொடங்கினால் கீல் பிய்ந்துபோகச் சில நொடிகளே போதும் என்பதால், எஞ்சினின் வேகத்தைக் குறைக்க விரல் போவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

ஒட்டும் முறையில்தான் அதிக நேரம் செலவிட்டோம். கீலின் நடுவே குண்டூசி குத்தி நிறுத்தினால், அது ஒரு பக்கமே அதிகம் நுழையாமல் சரிபாதியாக நிற்கும். பாகத்தைச் சேர்த்தபின் ஊசியை எடுத்துவிட்டு, நீரைப்போல் ஓடும் மெல்லிய சி.ஏ. பசையை மேற்புறம் மூன்று சொட்டு, திருப்பிக் கீழ்ப்புறம் மூன்று சொட்டு விட்டால், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் நார்ப்படலம் அதை மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். பிளவின் நடுவே 1.5 மி.மீ. துளை ஒன்றை முன்கூட்டியே இட்டிருந்தால் பசை கீலின் கடைசிவரை செல்லும். கெட்டியான பசை இதற்கு உதவாது. விரைவில் இறுகச் செய்யும் தெளிப்பானையும் அடிக்கக் கூடாது. பசை உள்ளே இறங்குவதற்குள் விளிம்பிலேயே இறுகிவிடும். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டே இறுகுவது என்பதால், மழைக்காலத்தில் இன்னும் விரைந்து வேலையை முடிக்க வேண்டியிருந்தது. திறக்காத புட்டிகளைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்தவுடன் திறந்தால் உள்ளே ஈரம் படியும் என்பதால் அறைவெப்பத்துக்கு வந்தபின்பே மூடியைத் திறக்க வேண்டும்.

பெரிய மாதிரிகளுக்கான ஊசி அச்சு கொண்ட நைலான் கீல்களையும் காட்டினோம். அவற்றுக்கு எபாக்சி பசை வேண்டும். அசையும் மூட்டில் சிறிது வாஸ்லின் தடவிக்கொண்டால் அங்கே பசை ஒட்டாது. விமானத்தைக் கம்பியில் கட்டி வட்டமாகப் பறக்கவிட்ட கன்ட்ரோல் லைன் காலத்திலிருந்து வரும் மூத்தவர்கள் நூலை 8 வடிவில் மாற்றி மாற்றித் தைத்த கீலைச் செய்து காட்டியபோது, இளைஞர்கள் அவர்களைச் சுற்றி நின்றுவிட்டார்கள். அத்தகைய கீல் உடைவதில்லை, இறுகுவதில்லை, விலையும் இல்லை என்பது உண்மையே. ஆனால் அதற்குரிய விரல் பழக்கத்தை முதல் கிட்டிலேயே எதிர்பார்ப்பது முறையன்று என்பது என் கருத்து.

சர்வோவின் தள்ளுகம்பியை மாட்டும் ஹார்னை அசையும் பாகத்தில் பொருத்தும்போது அதன் துளைகள் கீலின் அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும். முன்னோ பின்னோ தள்ளி நின்றால் மேலே போகும் அளவும் கீழே போகும் அளவும் வேறுபடும். அசைவின் அளவைப் பாகத்தின் மிக அகன்ற இடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து, வரைபடத்தில் உள்ளபடி அமைக்கப் பழக்கினோம். எய்லரானின் திசை மாறியிருப்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: விமானத்துக்குப் பின்னால் நின்று, கட்டைவிரலை ரிமோட்டின் எய்லரான் ஸ்டிக்கின் மேல் நிமிர்த்தி வைத்துச் சாய்த்தால், விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து எய்லரானே மேலெழ வேண்டும்.

இவ்வாண்டு மைதானத்தில் நேர்ந்த ஒன்றையும் பதிவுசெய்கிறேன். முதல் பறப்புக்கு வந்த ஒரு விமானத்தின் எலிவேட்டரை, எஞ்சினை இயக்கும் முன், மற்றோர் உறுப்பினர் பிடித்து இழுத்தபோது ஓரத்துக் கீல் அப்படியே கையோடு வந்தது. பிளவைச் சுற்றியிருந்த கவரிங் ஃபிலிமை வெட்டி அகற்றாததால், பசை மரத்துக்குள் போகாமல் ஃபிலிமுக்கு அடியில் பரவியிருந்தது. கீலின் பாதி உலர்ந்தே இருந்தது. வெளியிலிருந்து பார்த்தபோது வேலை மிக நேர்த்தியாகவே தெரிந்தது. ஒட்டியவரே இழுத்திருந்தால் இவ்வளவு அழுத்தமாக இழுத்திருக்க மாட்டார் என்று அவரே சொன்னார்.

இதையொட்டிச் செயற்குழு பரிந்துரைத்துள்ள விதியைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்: முதல் பறப்புக்கும், பழுதுபார்த்தபின் மீண்டும் பறப்பதற்கும் முன்பு, ஒவ்வொரு கீலையும் கட்டியவர் அல்லாத வேறோர் உறுப்பினர் இழுத்துப் பார்த்துப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். விமானம் மூத்த உறுப்பினருடையதாயினும் இதற்கு விலக்கில்லை. நடுக்கோடு இடும் கருவி ஒன்றையும் மெல்லிய பசைப் புட்டிகளையும் சங்கச் செலவில் வாங்கிவைக்கவும் அனுமதி கோருகிறேன்.

பட்டறைக்கு இடம் கொடுத்தவர்களுக்கும், ஞாயிறுதோறும் பயிற்சியளித்த மூத்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி உரியது. இவ்வறிக்கையை ஏற்று, மேற்கண்ட இரண்டு பரிந்துரைகளையும் நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்