பூனைக்குட்டி விற்பனை என்ற பெயரில் நடக்கும் இணைய மோசடியைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
மதுரை மாவட்டம்.
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மதுரை.

பொருள்: வெளிநாட்டு இனப் பூனைக்குட்டிகளை இணையத்தில் விற்பதாகச் சொல்லிப் பணம் பறிப்பதைத் தடுத்தல் – பதிவுபெற்ற விற்பனையாளர் பட்டியலை மக்கள் பார்வைக்கு வைத்தல் – கால்நடை மருத்துவமனைகளில் எச்சரிக்கைப் பலகை அமைத்தல் – சிறு தொகைப் புகார்களையும் முறையாகப் பதிவு செய்ய அறிவுறுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பெர்சியன், ஹிமாலயன், மெயின் கூன் போன்ற இனப் பூனைக்குட்டிகளை வீட்டுக்கே அனுப்புவதாக விளம்பரம் செய்து, முன்பணம் வாங்கி ஏமாற்றும் கும்பல்களிடம் நம் மாவட்டத்து மக்கள் பணத்தை இழந்து வருகிறார்கள். இதைத் தடுக்கப் புதிய சட்டம் ஒன்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றும், தங்கள் அலுவலகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட சில நடவடிக்கைகளே பெரும் பகுதியைத் தடுத்துவிடும் என்றும் நம்புவதால் இம்மனுவை அளிக்கிறேன்.

என் தங்கை குடும்பம் திருமங்கலத்தில் இருக்கிறது. அவள் மகள் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். வெள்ளைப் பெர்சியன் குட்டி ஒன்று வளர்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்து வைத்திருந்தாள். சமூக ஊடகத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. “டால் ஃபேஸ், டபுள் கோட், 45 நாள் குட்டி, வெறிநோய் ஊசி உட்பட எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று, கேசிஐ பேப்பர் உண்டு, விலை 6,000 ரூபாய்.” டால் ஃபேஸ் என்றால் பொம்மை போன்ற முகம், டபுள் கோட் என்றால் இரண்டடுக்கு ரோமம். விற்பவர் பெங்களூருவில் இருப்பதாகச் சொன்னார். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டார், அனுப்பினாள். பிறகு வண்டி வாடகை என்று 2,500 ரூபாய். அடுத்து வேறோர் எண்ணிலிருந்து, போக்குவரத்து நிறுவனத்தில் இருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். குளிரூட்டிய கூண்டு கட்டாயம், அதற்கு 6,500 ரூபாய் வைப்புத்தொகை, குட்டியை ஒப்படைக்கும்போதே திருப்பித் தந்துவிடுவோம் என்றார். அதையும் கட்டியபின் மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று 4,000 ரூபாய். குட்டி வழியில் பட்டினி கிடக்கிறது என்று கூண்டுக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு குட்டியின் படம் வந்தது. கடைசியாக, 15,000 ரூபாய் அபராதம் கட்டாவிட்டால் விலங்கைக் கைவிட்ட குற்றத்துக்காக உன்மேல் வழக்குப் பாயும் என்று மிரட்டினார்கள். அதன் பிறகுதான் அவள் வீட்டில் வாயைத் திறந்தாள். போனது 16,000 ரூபாய். அப்படி ஒரு குட்டி அவர்களிடம் இருந்ததே இல்லை.

அந்த விளம்பரத்தை நான் பின்னர் வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். அதில் இருந்த ஒவ்வொரு பொய்யும், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே உடைந்திருக்கும். பூனைக்குட்டிக்கு முதல் தடுப்பூசியே ஆறு முதல் எட்டு வார வயதில்தான் தொடங்குகிறது. அதன்பின் சில வார இடைவெளியில் மறுதவணைகள் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி பொதுவாகப் பன்னிரண்டு வார வயதில் போடப்படுகிறது. 45 நாள் குட்டிக்கு எல்லா ஊசியும் முடிந்துவிட்டது என்பதை எந்தக் கால்நடை மருத்துவரும் ஏற்கமாட்டார். கேசிஐ எனப்படும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா நாய்களைப் பதிவு செய்யும் அமைப்பு. பூனைக்கு அந்தப் பேப்பர் தருகிறேன் என்பவருக்குப் பூனை வளர்ப்பில் அரிச்சுவடிகூடத் தெரியாது என்றே பொருள். விற்பவர் சொன்ன பெயர் ஒன்று, பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் பெயர் வேறொன்று. படத்தில் குட்டிக்குப் பின்னால் சுவரில் தெரிந்த மின்செருகித் துளைகூட நம் நாட்டு வடிவத்தில் இல்லை; யாரோ வெளிநாட்டவர் தம் வீட்டுப் பூனையை எடுத்த படத்தைத் திருடிப் போட்டிருக்கிறார்கள்.

அந்த மிரட்டல் என்னை மிகவும் வருத்தியது. விலங்குகளைக் காப்பதற்காக 1960-இல் இயற்றப்பட்ட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தையே காட்டி ஒரு பெண்ணை அழவைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் முதல் குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அதையும் விதிக்க வேண்டியது நீதிமன்றம். கைபேசியில் பேசுகிற கூரியர்காரர் எவருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. இந்த ஒரு செய்தி அவளுக்குத் தெரிந்திருந்தால் இரவெல்லாம் தூங்காமல் நடுங்கியிருக்கமாட்டாள்.

புகார் கொடுக்கச் சென்றபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். காவல் நிலையம் ஒன்றில், “பூனைக்கா இவ்வளவு பணம் கொடுத்தாய்?” என்றுதான் முதல் கேள்வி வந்தது. தொகை சிறிது, இணையத்தில் நீயே புகாரைப் பதிந்துகொள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் அதே பேச்சு, தெருவிலும் அதே சிரிப்பு. ஐயாயிரமோ பத்தாயிரமோ இழந்தவர்கள் வாய் திறக்காமல் இருப்பதற்கு இந்தச் சிரிப்புதான் காரணம். கும்பல்களும் இதை நன்றாகக் கணக்குப் போட்டே, ஒருவர் புகார் கொடுக்கக் கூச்சப்படும் அளவுக்கு மட்டும் ஒவ்வொரு தவணையிலும் கேட்கிறார்கள். நாட்டுப் பூனைகளை எடுத்து வளர்ப்பதே மேல் என்று கருதுகிறவள் நான். என் வீட்டில் வளர்பவை எல்லாம் தெருவில் கிடைத்தவை. ஆனாலும் தன் உழைப்பில் சேர்த்த பணத்தில் விருப்பமான ஒரு குட்டியை வாங்க நினைப்பது குற்றமில்லை. ஏமாந்தவர் எதை வாங்கப் போனார் என்பதை வைத்துப் புகாரின் மதிப்பை எடைபோடுவது முறையாகாது.

சட்டத்தின் நிலையைப் பார்த்தால், விலங்குவதைத் தடுப்பு (செல்லப்பிராணிக் கடை) விதிகள் 2018 நடைமுறையில் உள்ளன. செல்லப்பிராணி விற்கும் கடை எதுவானாலும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். வாரச் சந்தைக் கடை மட்டுமின்றி, செல்லப்பிராணிகளின் வாங்கல் விற்றல் நடக்கும் இணையத் தளங்களையும் ‘செல்லப்பிராணிக் கடை’ என்ற வரையறைக்குள் அந்த விதிகள் கொண்டுவருகின்றன. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதற்கும் தடை இருக்கிறது. ஆகவே மேலே சொன்ன விளம்பரம் உண்மையான குட்டியைப் பற்றியதாகவே இருந்திருந்தாலும் விதிமீறல்தான். நாய் வளர்த்து விற்போருக்கு 2017-இலேயே தனி விதிகள் வந்து, பதிவு கட்டாயமாகிவிட்டது. பூனை வளர்த்து விற்போருக்கு அதற்கு இணையான விதிகள் இல்லை. இந்த இடைவெளியில் நேர்மையாகத் தொழில் செய்கிறவரும் போலியும் வாங்குபவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிகிறார்கள்.

ஆகவே நான் முதன்மையாக வேண்டுவது, வாங்குபவர் போய்ச் சரிபார்க்க ஓர் இடம். நம் மாவட்டத்தில் பதிவுபெற்ற செல்லப்பிராணிக் கடைகள் எவை, அவற்றின் பதிவு எண் என்ன, உரிமம் எந்தத் தேதிவரை செல்லும் என்ற பட்டியலைத் தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்திடமிருந்து பெற்று, மாவட்ட இணையதளத்திலும் அரசு கால்நடை மருத்துவமனைகளின் அறிவிப்புப் பலகைகளிலும் தமிழில் வெளியிட வேண்டும். என்னால் இயன்றவரை தேடியும் அப்படியொரு பட்டியல் என் கைக்கு எட்டவில்லை. பட்டியல் கண்முன் இருந்தால், “உங்கள் பதிவு எண் என்ன?” என்ற ஒற்றைக் கேள்வியிலேயே போலி விற்பனையாளர் பேச்சை நிறுத்திவிடுவார். பதிவு எண் இல்லாமல் இணையத்தில் விளம்பரம் செய்யும் உள்ளூர்க் கடைகளைக் கால்நடை பராமரிப்புத் துறை கணக்கெடுத்துப் பதிவுக்குக் கொண்டுவரவும் தாங்கள் ஆணையிட வேண்டும். பூனை வளர்த்து விற்போருக்கும் நாய்களுக்கு உள்ளதுபோன்ற பதிவுமுறை தேவை என்று அரசுக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறேன். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் இடைத்தரகர் வணிகமாக விற்கத் தடை உள்ளது. பிறந்த இடத்தில் தாயுடன் இருக்கும் குட்டியை வாங்குபவருக்கு நேரில் காட்ட வேண்டும். நாமும் அந்தத் திசையில் யோசிக்கலாம்.

அடுத்து, எச்சரிக்கைப் பலகை. குட்டி வாங்க நினைப்பவரும் வாங்கியவரும் எப்படியும் ஒருநாள் கால்நடை மருத்துவமனைக்கு வருவார்கள். இ-சேவை மையங்களுக்கும் வருவார்கள். அங்கே வைப்பதற்கு நான் எழுதியுள்ள வாசகம் இது. தேவைப்படும் திருத்தங்களைத் துறையினர் செய்துகொள்ளலாம்:

“பூனைக்குட்டியை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். தாய்ப்பூனையையும் காட்டச் சொல்லுங்கள். தொலைவில் இருந்தால் நேரலைக் காணொலியில் குட்டியைக் காட்டி, அதே நேரத்தில் உங்கள் பெயரை எழுதிய தாளையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்; ஏதேதோ காரணம் சொல்லி மறுப்பவரிடம் குட்டி இல்லை. விலை ஊரில் உள்ளதைவிட மிகக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். விளம்பரப் படத்தைப் படத்தேடலில் போட்டு, வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று பாருங்கள். தடுப்பூசி அட்டையில் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த மருத்துவமனையை நீங்களே அழைத்துக் கேளுங்கள். பூனையை வண்டியிலோ ரயிலிலோ விமானத்திலோ அனுப்பக் கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்று உடன்செல்ல வேண்டும் என்பது 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதி. அதை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கூண்டு வைப்புத்தொகை, காப்பீடு, அபராதம் என்று தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால் அத்துடன் பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அந்த எண்ணை அழுத்தச் சொன்னால் இன்னும் பறிக்கப் பார்க்கிறார்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற இணையவழிப் பண மோசடி உதவி எண்ணை அழையுங்கள்.”

அந்த ‘உடனே’ என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போட வேண்டுகிறேன். 1930-க்கு விரைவாகத் தகவல் போனால், பணம் மோசடிக்காரரின் கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்கு முன் வங்கி அதை நிறுத்திவைக்க வாய்ப்பிருக்கிறது. எங்கள் வீட்டுப் பெண் கூச்சத்தில் நாட்களைக் கடத்திவிட்டாள். அதற்குள் கணக்கு வழித்துத் துடைக்கப்பட்டிருந்தது. அவளே விரும்பி அனுப்பிய பணம் என்பதால் வங்கியும் கைவிரித்துவிட்டது.

காவல்துறையைப் பொறுத்தவரை, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாநகரக் காவல் ஆணையருக்கும் தாங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஏமாற்றிப் பணம் பறிப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவின்படி குற்றம். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் வருகிறது. குற்றம் எந்த ஊர் எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகையால் பெங்களூருக்காரர் என்றோ தொகை சிறிது என்றோ யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. சிறு புகார்களில் உள்ள கைபேசி எண்களையும் யுபிஐ முகவரிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தால், ஒரே கும்பல் பல பேரிடம் கைவைத்திருப்பது வெளிச்சத்துக்கு வரும். தனித்தனியே பார்த்தால் 3,000 ரூபாய். கூட்டினால் அது பெரிய வழக்கு. மேலும், இத்தகைய போலிப் பக்கங்கள் புகாருக்குப் பிறகும் பெயரை மாற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நீக்கும்படி தளங்களுக்கு அரசின் வழியாக அறிவிப்பு அனுப்ப இணையவழிக் குற்றப் பிரிவைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

கால்நடை பராமரிப்பு, காவல்துறை, வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் உட்காரவைக்கத் தங்களால் முடியும் என்பதால்தான் இம்மனுவைத் தங்களிடம் அளிக்கிறேன். பலகைக்கான அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஏற்கவும், திருமங்கலம் பகுதி மருத்துவமனைகளில் வாசகத்தை விளக்கிச் சொல்லவும் என்னுடன் பூனை வளர்க்கும் சிலர் முன்வந்துள்ளனர். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: மதுரை

இணைப்பு: விளம்பரத்தின் படநகல், பணம் செலுத்தியதற்கான சான்றுகள், மிரட்டல் குறுஞ்செய்திகளின் நகல், இணையத்தில் பதிந்த புகாரின் ஒப்புகைச் சீட்டு, எச்சரிக்கைப் பலகைக்கான வாசகம்.